மாமனாருக்கு இடம் பார்க்கப் போனோம்

பெண் பார்க்கப் போவார்கள், வீடு பார்க்கப் போவார்கள். நான் என் மாமனாருக்குக் கல்லறை பார்க்க ராமநாதபுரம் போனேன். ஆள் நல்லபடியாக உயிரோடுதான் இருக்கிறார். ரயிலில் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, வண்டி எந்த ஸ்டேஷனில் நின்றாலும் "இங்க வடை நல்லா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

முதலில் விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். மாமனார் பெயர் அந்தோணி. எண்பதைத் தாண்டியவர். கோயம்புத்தூரில் மில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா சவரிமுத்து, காரங்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமத்துக்காரர். கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போனவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தக் கப்பல் குண்டுபட்டு மூழ்கியது. உடல் கிடைக்கவில்லை. மாமனார் அப்போது கைக்குழந்தை. ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் சவரிமுத்து பெயரில் ஒரு கல்லறை கட்டி, தலைமாட்டில் சிலுவை வைத்து, 'இங்கே இளைப்பாறுகிறார்' என்று கல்லில் வெட்டியும் வைத்துவிட்டார்கள். உள்ளே இளைப்பாற ஆள் கிடையாது. வெறும் மணல்.

அந்த மணல்தான் தனக்கு வேண்டும் என்று மாமனார் ஒற்றைக் காலில் நின்றார். "எங்கய்யா பேருக்குக் கீழ ஆளே இல்லம்மா. நானாவது போய்ப் படுத்துக்கிறேன்" என்றார். கோயம்புத்தூரில் மாமியார் பக்கத்தில் படுக்கலாமே என்று கேட்டால், அதற்கும் பதில் வைத்திருந்தார். நகரத்தில் புதுக் குழி கிடைப்பது அரிது. ஒரே குடும்பத்து ஆட்களாக இருந்தால் பழைய குழியைத் திறந்து மேலே வைப்பார்கள். மாமியாரை அவருடைய அம்மாவின் குழியில் வைத்தோம். அப்புறம் மாமியாருடைய தம்பியும் அதிலேயே போய்ச் சேர்ந்தார். "உயிரோட இருக்கையிலேயே அந்த மச்சினன்கூட எனக்கு ஒத்துவரல. செத்த பிறகு அவன் மேல போய்ப் படுக்கச் சொல்றியா?" என்று கேட்டார். 

என் கணவருக்கு ஒர்க்ஷாப்பை விட்டு நகர முடியாது. நான் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆக, வீட்டில் யாருக்கும் நேரமில்லாத வேலை எல்லாம் என்னைத் தேடித்தான் வரும். இத்தனைக்கும் நான் பிறந்தது மாரியம்மன் கோயில் வீதியில். கட்டிக்கொண்டு வந்த இடம் சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீடு. நவம்பர் தொடக்கத்தில் கல்லறைத் திருநாள் வரும். இறந்தவர்களின் கல்லறையைச் சுத்தம் செய்து, மெழுகுவத்தி ஏற்றி, பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கும் வரை குடும்பத்தோடு நிற்க வேண்டும். அந்த நாளுக்குப் போனால் சாமியாரையும் கையோடு பார்த்து இடத்தை உறுதி செய்துவிடலாம் என்பது மாமனாருடைய திட்டம்.

கோயம்புத்தூர்க்காரிக்கு ராமநாதபுரம் வெளிநாடு மாதிரிதான். இறங்கியதும் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்த நாக்கு, டீயில் உப்பைக் கண்டுபிடித்துவிட்டது. மாமனார் கண்ணை மூடி உறிஞ்சிவிட்டு, "இது டீ. நீ போடுறது வெந்நி" என்றார். ஊர் எல்லையில் பெண்கள் குடங்கள் அடுக்கிய வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவில் ஒரு நாள் தண்ணீர் வராவிட்டால் கவுன்சிலர் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிடும். இங்கே அந்தப் பெண்கள் ஏதோ ஜோக் சொல்லிச் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். இத்தனை வருடமும் 'இங்கே', 'அங்கே' என்று பேசிக்கொண்டிருந்த மாமனார், பஸ் ஏறியதும் கண்டக்டரிடம் "இங்கன உக்காரலாமா, அங்கன போகணுமா?" என்று கேட்கிறார். நான் திரும்பிப் பார்த்தேன். "என்ன பாக்குற? ஊரு வந்துருச்சுல்ல" என்றார்.

ஊர் வந்துவிட்டது, ஆனால் பஸ் போய்ச் சேரவில்லை. தேவிபட்டினம் தாண்டி, இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் மட்டும் நிற்கிற இடத்தில் வண்டி முனகிவிட்டு நின்றது. பின்னால் வருகிற வண்டியில் ஏற்றிவிடுவதாகக் கண்டக்டர் சொன்னார். பின்னால் ஆடுகள் வந்தன. ஒரு கல்யாண வேன் வந்தது, நிற்காமல் போனது. கடைசியில் மீன் கம்பெனிக்கு ஐஸ் ஏற்றிப் போகும் மினி லாரி ஒன்று நின்றது. டிரைவர் மாமனாரை முன்னால் ஏற்றிக்கொண்டார். நானும் டிரைவருக்கும் மாமனாருக்கும் நடுவில் எப்படியோ செருகிக்கொண்டேன்.

"எங்கன போறீக, பெரியவரே?"

"ஊருக்குத்தான். எனக்குக் கல்லறை எடம் பாக்கணும்."

டிரைவர் ஒரு கணம் ரோட்டை மறந்து அவரைப் பார்த்தார். "அதுக்குன்னு இப்பவே ஐஸ் வண்டில ஏறணுமா?" என்றார். மாமனார் சிரித்த சிரிப்பில் பொய்ப் பல் கழன்று மடியில் விழுந்தது. அந்தப் பயணம் முழுக்க அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அந்த ஐஸ் வண்டியில்தான்.

ஆரோக்கியம் வீட்டில் தங்கினோம். ஆரோக்கியம் மாமனாருடைய பெரியப்பா பேரன். சொந்தமாக வல்லம் வைத்துக் கடலுக்குப் போகிறவர். அவர் மனைவி ஜெசிந்தா. நாங்கள் போனபோது வாடைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கடலுக்குப் போக முடியாத நாட்கள். ஆனாலும் ஜெசிந்தா எங்கிருந்தோ நகரை மீன் வாங்கி, முண்டு மிளகாய் அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்திருந்தார். எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் ஊற்றியது. "அக்காவுக்குக் காரம் சேராது போல" என்று ஜெசிந்தா பதறினார். சேரவில்லைதான். இருந்தும் மூன்று முறை சோறு வாங்கினேன்.

சாப்பாட்டின்போது மாமனார் தான் வந்த காரியத்தைச் சொன்னார். ஆரோக்கியம் தட்டைப் பார்த்தபடியே, "காலைல பேசுவோம் சித்தப்பா" என்றார். ஜெசிந்தா எழுந்து தண்ணீர் எடுக்கப் போனார். செம்பில் தண்ணீர் இருக்கத்தான் செய்தது.

மறுநாள் காலை சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கோயம்புத்தூரில் கல்லறைகள் பஸ்ஸில் ஆட்கள் மாதிரி நெருக்கியடித்து நிற்கும். இங்கே மணலில் காலை நீட்டிப் படுத்திருந்தன. சுற்றிலும் பனை. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. ஊரே துடைப்பமும் வாளியுமாக அங்கே இருந்தது. ஒரு கல்லறையின் மேல் பலகாரப் பாத்திரத்தை வைத்துவிட்டு இரண்டு பெண்கள் மருமகள் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தது அவர்களில் ஒருவருடைய மாமியார் என்று பிறகு தெரிந்தது.

சவரிமுத்துவின் கல்லறை சுவர் ஓரம் இருந்தது. சிலுவைக்குக் கீழே சின்னதாக ஒரு நங்கூரம் செதுக்கியிருந்தார்கள். மாமனார் குனிந்து அந்த நங்கூரத்தைத் தடவினார். நான் கவனித்தது வேறு. சிலுவையின் அடியில் ஒரு அகல் விளக்கு இருந்தது. எண்ணெய் காய்ந்து, திரி கருகி, பக்கத்தில் சருகான அரளிப் பூ. தோட்டம் முழுக்க மெழுகுவத்தி உருகிய தடம்தான். அகல் எங்கும் இல்லை. மாரியம்மன் கோயில் வீதிக்காரிக்கு இது கண்ணில் படாமல் இருக்குமா?

"இது யார் ஏத்துனது தம்பி?" என்று கேட்டேன்.

ஆரோக்கியம் வாளியைக் கீழே வைத்தார். "சித்தப்பா, கோவப்படாம கேளுங்க. உள்ள ஆள் இருக்காக."

"யாரு?"

"தெரியாது சித்தப்பா. ஒரு பொம்பள."

அவர் சொன்னது இதுதான். இலங்கையில் சண்டை நடந்து, சனங்கள் படகு படகாக வந்துகொண்டிருந்த காலம். ஆரோக்கியம் அப்போது சின்னப் பையன். ஐப்பசி மழையில் ஒரு பெண்ணின் உடல் இந்தக் கரையில் ஒதுங்கியது. நாலைந்து நாள் தண்ணீரில் கிடந்த உடல். போலீஸ் வந்து பார்த்துவிட்டு அடக்கம் செய்யச் சொல்லிப் போனது. ஞானஸ்நானம் வாங்கியவரா இல்லையா என்று தெரியாத உடலை, மதில் சுவருக்கு வெளியேதான் புதைப்பது வழக்கம். வெளியே முழங்கால் தண்ணீர் நின்றது. தோண்டத் தோண்டக் குழி நிறைந்தது. அப்போது ஆரோக்கியத்தின் அப்பா, "எங்க சித்தப்பா எடம் காலியாத்தான் கெடக்கு, அங்கன வைங்க" என்று சொல்லிவிட்டார்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டீகளாடா?" என்றார் மாமனார். 

"நீங்க கோயமுத்தூருல வீடு கட்டிட்டீக. இனி இங்கன எங்க வரப் போறீகன்னு அய்யா நெனச்சிட்டாக. அதுக்கப்புறம் சொல்லச் சங்கட்டம். நீங்க போன்ல மெழுகுவத்தி ஏத்துனியான்னு கேப்பீக. ஏத்துனோம்னு சொல்லுவாக. அது பொய்யில்ல."

"எடுத்துருங்க. எலும்ப எடுத்து ஓரமா வைங்க. இது எங்கய்யா எடம்."

சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சுரீரென்றது. "ஏனுங்க மாமா, பேசறது நீங்கதானுங்களா?" என்று கேட்டுவிட்டேன். மாமனாரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

ஆரோக்கியம் மெதுவாகச் சொன்னார். "ஊர்ல ரெண்டு மூணு பேரு அன்னைக்கு எதுத்தாக, சித்தப்பா. அய்யா அவுககிட்ட ஒண்ணுதான் கேட்டாக. 'எங்க சித்தப்பாவையும் எங்கிட்டோ ஒரு கரையில யாராச்சும் எடுத்துப் போட்டிருப்பாகள்ல? அவுக என்ன சாதி சனம்னு பாத்தா போட்டிருப்பாக?' அதுக்கு மேல யாரும் வாயத் தொறக்கல."

மாமனார் கல்லறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

சாமியாரைப் போய்ப் பார்த்தோம். இளவயதுக்காரர்; எங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டே பேசினார். "ஒரே குடும்பம்னா அந்தக் குழியிலேயே மேல வைக்கலாம் தாத்தா. வேற குடும்பம்னா, உள்ள இருக்கிறவங்களை எடுத்துப் பொதுக் குழிக்கு மாத்தணும். அவங்க ஆளுங்க சம்மதிக்காம இங்க யாரும் கடப்பாரையத் தொட மாட்டாங்க. அந்த அம்மாவுக்கு ஒரு பொண்ணு இருக்கு. தாயைத் தேடிக்கிட்டு வருசா வருசம் வருது. நாளைக்கும் வரும். நீங்களே கேளுங்க. வேண்டாம்னு சொல்லிட்டா, ஊருக்கு வெளிய புதுத் தோட்டம் இருக்கு."

புதுத் தோட்டத்தையும் பார்த்தோம். உப்புப் பூத்த தரை. ஒரு மரம் இல்லை. "வெயில் காலத்துல வறுத்துருவாங்களே" என்றார் மாமனார். செத்த பிறகு வெயில் என்ன செய்யும் என்று கேட்க நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

மத்தியானம் அவரை அப்படியே விடக் கூடாதென்று ஆட்டோ பிடித்துக் காரங்காட்டுக்குக் கூட்டிப் போனேன். அங்கே அலையாத்திக் காட்டுக்குள் படகில் சுற்றிக் காட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் மரங்கள் வேரைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. எங்கள் படகில் மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம். "இதுல பாக்க என்ன இருக்கு, பூரா மரமா இருக்கு" என்று அந்த வீட்டு அம்மா கணவரிடம் சொன்னார். கணவர், "மரத்தப் பாக்கத்தான வந்தோம்" என்றார். அதற்கு அப்புறம் அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. மழைக்கு முந்திய இருட்டில் வெள்ளைக் கொக்குகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன.

மாமனார் தண்ணீரில் விரலை விட்டபடி பேச ஆரம்பித்தார். "சின்னதுல பயலுக கேலி பண்ணுவாய்ங்கம்மா. 'ஏலே, உங்கய்யா கல்லறை காலியாத்தான கெடக்கு, போய்ப் படுத்துத் தூங்குலே'ம்பாய்ங்க. ஒரு நா மத்தியானம் நெசமாவே போய்ப் படுத்துட்டேன். குளுகுளுன்னு இருந்துச்சு. சுண்ணாம்பு வாசம். எங்கம்மா தேடி வந்து தூக்கிட்டுப் போச்சு. அடிக்கல. அழுதுக்கிட்டே தூக்கிட்டுப் போச்சு."

படகு சாய்ந்ததும் நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் புள்ள வரட்டும். தன்மையாத்தான் கேக்கப் போறேன். எடுத்து மரியாதையா வேற எடத்துல வச்சு, நல்ல கல்லு ஒண்ணு போட்டுக் குடுத்துருவேன். கேக்குறதுல தப்பு இல்லையேம்மா?"

தப்பில்லை என்றுதான் சொன்னேன். எனக்கு மனசு ஒப்பவில்லை. அதே சமயம் அந்த மனுஷனைப் பார்த்தாலும் பாவமாக இருந்தது. அப்பாவின் முகம் தெரியாது, குரல் தெரியாது. அவரிடம் இருந்ததெல்லாம் அந்த ஆறடி மணல்தான். எங்கள் ஊரில் பங்காளிச் சண்டைகள் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற வழக்கை இங்கேதான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் கல்லறைத் திருநாள். காலையெல்லாம் மழை ஊற்றிவிட்டு, சாயங்காலம் விட்டது. காற்று மட்டும் நிற்கவில்லை. மெழுகுவத்தி நிற்காது என்று தெரிந்து எல்லோரும் தேங்காய்ச் சிரட்டை கொண்டுவந்திருந்தார்கள். மணலில் சிரட்டையை அமுக்கி, அதற்குள் மெழுகுவத்தியை நட்டுவிட்டால் அணையாது. ஜெசிந்தா எனக்குச் சொல்லிக் கொடுத்தார். நான் நட்ட முதல் இரண்டும் சாய்ந்தன. "கணக்கு டீச்சருக்கு நேரா நட வரல" என்று ஆரோக்கியம் கிண்டல் செய்தார்.

அப்போதுதான் அவர் வந்தார். நாற்பதைக் கடந்த பெண். கையில் ஒயர் கூடை, நனைந்த குடை. பெயர் சுகந்தி. மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கிறார். ராமேஸ்வரம் போகும் வழியில் அக்காள்மடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. ஜெசிந்தாவைப் பார்த்து, நெடுநாள் பழகியவர் மாதிரி சிரித்தார். பிறகு எங்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"நீங்க சவரிமுத்து ஐயான்ர ஆக்களோ?"

"மகன்" என்றார் மாமனார்.

சுகந்தி கூடையை இறக்கி வைத்தார்.   அகலைத் துடைத்து எண்ணெய் விட்டுத் திரி போட்டார். ஒரு மெழுகுவத்தியும் எடுத்தார். "விளக்கு அம்மாவுக்கு. மெழுகுதிரி உங்கட அப்பாவுக்கு" என்றார். "பேர் போட்டிருக்கிறவருக்கு ஒண்டும் கொளுத்தாமப் போகக் கூடாதெல்லோ."

மாமனார் தொண்டையைக் கனைத்தார். கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது வேறு. "உங்கம்மாதான்னு உறுதியாத் தெரியுமாம்மா?"

"தெரியாது ஐயா." சுகந்தி கண்ணைத் தாழ்த்தவில்லை. "வள்ளம் கவிழேக்க எனக்கு எட்டு வயசு. அப்பாவையும் என்னையும் வேற வள்ளக்காரர் தூக்கிக் காப்பாத்திப்போட்டினம். அம்மாவக் காணேல்ல. பிறகுதான் இந்தப் பக்கம் ஒரு பொம்பிளை ஒதுங்கினதெண்டு கேள்விப்பட்டம். அதுக்குள்ள அடக்கம் முடிஞ்சுது. அம்மா நீலச் சீலை கட்டியிருந்தவ. இங்க பாத்த ஆக்கள் பச்சை எண்டினம். கடல்ல கிடந்தா நிறம் மாறுமோ, தெரியேல்ல. அப்பா சாகுமட்டும் அது அவ இல்லை எண்டுதான் சொன்னவர். எனக்கு எங்கயாவது ஒரு இடத்தில போய் அம்மா எண்டு கூப்பிட வேணும். வேற ஆரின்ரையோ அம்மாவா இருந்தாலும் பரவாயில்ல. அவவுக்கும் ஒரு பிள்ளை இருந்திருக்குமெல்லோ."

கூடையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து, ஒரு டம்ளரில் வெறுந்தேநீர் ஊற்றி, ஒரு துண்டு பனங்கட்டியோடு அகல் பக்கத்தில் வைத்தார். அம்மாவுக்குப் பாலில்லாத தேநீர்தான் பிடிக்குமாம், பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பாராம். இன்னொரு டம்ளர் ஊற்றி மாமனாரிடம் நீட்டினார். இவர் வாங்கிக்கொண்டார்.

"ஒரு விசயம் கேக்கட்டோ ஐயா?" என்றார் சுகந்தி. "ஒவ்வொரு முறையும் கேட்டைத் தள்ளிக்கொண்டு வரேக்க, குழியத் தோண்டிப் போட்டிருப்பினமோ எண்டு பயந்து பயந்துதான் வாறனான். சொந்தக்கார ஆக்கள் இருக்கிற கல்லறை, ஒரு நாளைக்கு வந்து கேப்பினம் எண்டு தெரியும். இண்டைக்கு உங்களக் கண்ட உடனே வந்திட்டினம் எண்டு நினைச்சன். அதுக்குத்தானோ வந்தனீங்கள்?"

மாமனார் தேநீரைக் குடித்தார். பனங்கட்டியைக் கேட்டு வாங்கிக் கடித்தார்.  நானும் ஆரோக்கியமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பதில் சொல்வதற்குள் சாமியார் எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார்.

இந்த ஊரில் ஒரு வழக்கம். சாமியார் ஒவ்வொரு கல்லறையாக வந்து நின்று, உள்ளே இருப்பவர்களின் பெயரைக் கேட்பார். குடும்பத்தில் மூத்தவர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல வேண்டும், இவர் இன்ன உறவு என்று. சொன்ன பெயர்களுக்கு மட்டும் செபம் சொல்லித் தீர்த்தம் தெளிப்பார். இத்தனை வருடமும் இந்தக் கல்லறையில் ஒரு பெயர்தான் சொல்லப்பட்டிருக்கிறது. சாமியார் வருகிறார் என்றதும் சுகந்தி பழக்கப்பட்டவராக எழுந்து, சுவர் ஓரமாகத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"யார் யார் பேரு?" என்றார் சாமியார்.

மாமனார் என் தோளைப் பிடித்து எழுந்தார். "சவரிமுத்து. எங்கய்யா."

சாமியார் தீர்த்தத்தைக் கையில் எடுத்தார்.

"இருங்க ஃபாதர், இன்னும் முடியல" என்றவர், சுவர்ப் பக்கம் திரும்பி, "ஏம்மா, உங்கம்மா பேரு என்ன?" என்று கேட்டார்.

  "பரமேஸ்வரி" என்றார் சுகந்தி.

"பரமேஸ்வரி" என்றார் மாமனார் சாமியாரிடம், கூட்டத்துக்கே கேட்கும்படி. "எங்கய்யா மக. எனக்குத் தங்கச்சி."

சாமியார் என்னைப் பார்த்தார். மாமனார் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா கடலோடு போய்விட்டார். பிறகு எப்படி அவருக்குத் தங்கை, அதுவும் இருபது வருடத்துக்கு மேல் இளையவள்? எந்தக் கணக்கிலும் வராது. நான் பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுக்கக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

சாமியாரும் கணக்குக் கேட்கவில்லை. இரண்டு பெயரையும் சொல்லிச் செபித்தார். தீர்த்தம் தெளித்தார். சிலுவையில், அகலில், சுகந்தி வைத்த தேநீரில் எல்லாம் விழுந்தது. அவர் அடுத்த கல்லறைக்குப் போனார்.

சுகந்தி அசையாமல் சுவர் ஓரத்திலேயே நின்றார். மாமனார் கை நீட்டிக் கூப்பிட்ட பிறகுதான் வந்தார். வந்து, மணலில் உட்கார்ந்து, கல்லறைமேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். ஜெசிந்தா அவர் முதுகைத் தடவினார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஆரோக்கியம் சாய்ந்த மெழுகுவத்திகளைத் திரும்பத் திரும்ப நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்தபின் சுகந்தி கேட்டார். "அடுத்த வருசமும் வருவீங்களோ, மாமா?"

அந்த 'மாமா'வைக் கேட்டதும் மாமனார் அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தார்.  "வருவேன் தாயி. நடந்து வருவேனா, தூக்கிட்டு வருவாகளான்னு தெரியாது. தூக்கிட்டு வந்தாகன்னா இங்கனதான் வரணும்னு எனக்கு ஆச. அதக் கேக்கத்தான் வந்தேன். உங்கம்மாவ எங்கயும் எடுக்க வேணாம். அவ பாட்டுக்கு இருக்கட்டும். மேல எனக்குக் கொஞ்சம் எடம் விட்டாப் போதும். அவகிட்ட கேட்டுச் சொல்லு."

சுகந்தி கல்லறையைப் பார்த்தார். சிரட்டைகளுக்குள் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. பிறகு மாமனாருடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"இதையெல்லாம் கேக்க வேணுமோ மாமா? அண்ணன் வந்தா தங்கச்சி ஒதுங்கி இடம் விடாமலோ இருப்பா?"